வேகத்தடையை ஒட்டி நிற்கும் வண்டி

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் தடுமாறினால் நாம் மிதித்துக்கொள்ளலாம். அந்த பிரேக்கை நான் அதிகம் மிதிப்பது எங்கே என்று கேட்டால், ஈசிஆரில் என்றுதான் நினைப்பீர்கள். தூத்துக்குடி லாரிகள், ராமேஸ்வரத்துக்குப் பறக்கும் டூரிஸ்ட் வேன்கள், சொல்லாமல் குறுக்கே வரும் ஆட்டு மந்தை. அங்கெல்லாம் படிக்கிறவர்களே பயந்துபோய் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்கள். என் கால் பதறுவது ஊருக்குள், ஆள் குடியிருக்கும் தெருவில், அதிலும் ஸ்பீடு பிரேக்கர் இருக்கும் இடத்தில். வேகத்தைக் குறைக்கவென்றே போட்ட இடம். ஆனாலும் அங்கேதான். காரணம் அந்த மேடு அல்ல. மேட்டை ஒட்டி யாரோ நிறுத்திவிட்டுப் போன வண்டி.

ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. நாளைக்கும் இதே தெருவில் நடக்க வேண்டியவன் நான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கடற்கரையில் எந்த ஊரை வைத்துக்கொண்டாலும் பொருந்தும். கப்பலிலும் தோணியிலும் போய்ச் சம்பாதித்த காலத்தில் கட்டிய வீடுகள். வாசலில் திண்ணை, திண்ணையை ஒட்டி வாறுகால் என்கிற சாக்கடை வாய்க்கால், வாறுகாலைத் தாண்டினால் தெரு. கார் ஷெட்டுக்கு அன்றைக்கு யார் இடம் விட்டார்கள்? இன்றைக்கு வீட்டுக்கு ஒரு கார். வீட்டுக்காரர் துபாயில் இருப்பார், அல்லது சென்னை மண்ணடியில் கடை வைத்திருப்பார். கார் மட்டும் ஊரில், மேலே துணி போர்த்திக்கொண்டு, இரண்டு சக்கரம் வாறுகால் மூடியிலும் இரண்டு சக்கரம் தெருவிலுமாக மாதக்கணக்கில் நிற்கும். துணியின் மேல் கச்சான் காற்று கொண்டுவந்த மணல் ஒரு படலமாகப் படிந்திருக்கும்.

இந்தத் தெருக்களில் பேவர் பிளாக் பதித்த பிறகுதான் வேகம் வந்தது. அதற்கு முன் குண்டும் குழியுமே வேகத்தடையாக இருந்தன. தரை வழவழப்பானதும் பயல்கள் பைக்கில் பறக்க ஆரம்பித்தார்கள், தாய்மார்கள் சத்தம் போட்டார்கள், வேகத்தடை வந்தது. எப்படி வந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் கான்கிரீட் போட்டு மிஞ்சிய கலவையைக் கொண்டுவந்து கொட்டி, மட்டப்பலகையால் இரண்டு இழுப்பு. காய்ந்தால் மேடு. சில இடத்தில் காரின் அடிவயிறு உரசும் உயரம், சில இடத்தில் சைக்கிளே கண்டுகொள்ளாத உயரம்.

இதற்கு அளவு உண்டு. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வளைந்த மேடு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் என்று இருக்கிறது. வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் உடம்பு நோகாமல் ஏறி இறங்குவதற்கான கணக்கு அது. மேட்டுக்கு 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், மேட்டின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்க வேண்டும். 3.7 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சின்னக் காரின் நீளம். எங்கள் தெரு மேடுகளோ ஒரு முழம் தேறினால் அதிகம். சரி, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அதற்கே தனிக் கட்டுரை வேண்டும். நான் சொல்ல வந்தது மேட்டைப் பற்றியல்ல, அதன் இரு பக்கத்திலும் இருக்க வேண்டிய வெற்றிடத்தைப் பற்றி.

கார் ஓட்டக் கற்கும் ஒருவர் வேகத்தடையை நெருங்கும்போது என்ன செய்கிறார் என்று பக்கத்து சீட்டிலிருந்து பார்க்கிறவன் நான். கண்ணைத் தாழ்த்துகிறார். அதுவரை தெருவின் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது பானெட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டை மட்டும் பார்க்கிறார். கிளட்ச்சை மிதிக்க வேண்டும், கியரை இறக்க வேண்டும், அடியில் உரசாமல் ஏற வேண்டும், பின்னால் ஹாரன் அடிப்பவனையும் சமாளிக்க வேண்டும். கவனம் முழுக்க அந்த ஒரு முழ சிமெண்டில். முன்சக்கரம் இறங்கியதும் ஒரு நிம்மதி. பின்சக்கரம் இறங்குவதற்குள் கால் ஆக்சிலேட்டருக்குப் போய்விடும். பல வருஷம் ஓட்டியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், கொஞ்சம் வேகமாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜனங்கள் தெருவைக் கடப்பதும் இதே இடத்தில். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வண்டி மெதுவாகப் போகும் இடம் எது என்று தெருவுக்குத் தெரியும். அஸர் தொழுகைக்குப் பிறகு ஓதப் போகும் பிள்ளைகள், கையில் தூக்குச்சட்டியோடு எதிர்வீட்டுக்குப் போகும் பெண்கள், எல்லாருக்கும் மேடுதான் கடவுப்பாதை. ஆக, டிரைவரின் கண் கீழே போகும் இடமும் பிள்ளையின் கால் தெருவில் இறங்கும் இடமும் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காரை நிறுத்திவைத்தால்? ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர். இன்றைக்கு விற்கிற பெரிய கார்களின் மூக்கே ஏறத்தாழ அந்த உயரத்துக்கு வந்துவிட்டது. பிள்ளை வெளியே வந்த பிறகுதான் பிள்ளை இருந்ததே தெரியும்.

மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று மேல். பார்த்து, சுதாரித்து, கால் பிரேக்குக்குப் போக நல்ல டிரைவருக்கே ஒரு விநாடி ஆகும். அதற்குள் இரண்டு கார் நீளம் ஓடியிருக்கும். பிரேக் பிடித்த பிறகு முழுதாக நிற்க இன்னும் ஐந்து மீட்டராவது வேண்டும். இது காய்ந்த தரையில், நல்ல டயரில். சாலைப் பொறியாளர்கள் இன்னும் தாராளமாகக் கணக்குப் போடுகிறார்கள்: 30 கிலோமீட்டர் வேகத்துக்கு 30 மீட்டர் தூரமும், 50-க்கு 60 மீட்டரும் டிரைவரின் கண்ணுக்குத் தடையில்லாமல் தெரிய வேண்டும். எங்கள் தெருவில் 60 மீட்டருக்குள் ஒரு பள்ளிவாசல், ஒரு டீக்கடை, இரண்டு சந்து வந்துவிடும்.

டூ வீலர்காரர்கள் கதை வேறு. எந்த மேட்டுக்கும் ஓரத்தில், வாறுகாலை ஒட்டி, ஒரு சாண் இடைவெளி இருக்கும். மழைத் தண்ணீர் ஓடுவதற்கு விட்டது. அந்த இடைவெளியில் நுழைந்து மேட்டை ஏமாற்றிப் போவது இங்கே பிறந்த ஒவ்வொருவருக்கும் கைவந்த கலை. ஓரத்தில் கார் நின்றால் அந்த வழி அடைபடும். உடனே எதிர்ப்பக்க ஓரத்துக்கு வெட்டுவார்கள். எதிரே வருகிறவரும் அதே ஓரத்தைக் குறிவைத்திருப்பார். என் காலடி பிரேக் அதிகம் தேய்வது இந்த வெட்டினால்தான்.

அந்த ஓர இடைவெளியை நம்பியிருக்கும் இன்னொரு கூட்டம் உண்டு. ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே நல்ல தண்ணீர் என்பது நிலத்தடியில் எளிதில் கிடைக்காது, பல இடத்தில் உப்பு. காவிரித் தண்ணீர் வரும் குழாய்க்கும், தண்ணி லாரிக்கும், ஊற்றுக்கும் பெண்கள் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு போவார்கள். எட்டுக் குடம் தண்ணீர் என்றால் நூறு கிலோவுக்கு மேல். அந்தச் சின்ன இரும்புச் சக்கரம் மேட்டில் ஏறாது. ஏற்றினாலும் குடம் தளும்பும், வண்டி பின்னால் வரும். ஓரத்தில்தான் போக வேண்டும். ஓரத்தில் கார் நின்றால் நடுத்தெருவில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் வருகிற யாரையாவது கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கித்தான் இறக்க வேண்டும். வேகத்தடையால் யாருக்குக் கஷ்டம் என்று பேசும் கூட்டங்களில் கார் வைத்திருப்பவர்களின் இடுப்புவலியைத்தான் கேட்கிறோம். இந்தப் பெண்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. அந்த நேரத்தில் குழாயடியில் நிற்கிறார்கள்.

இனி அகலம். எங்கள் தெரு சுவருக்குச் சுவர் ஐந்தரை மீட்டர் இருக்கும். ஒரு காருக்குக் கண்ணாடியையும் சேர்த்தால் இரண்டு மீட்டர் போய்விடும். மேட்டருகே ஒரு பக்கம் ஒரு கார் நின்றால் மூன்றரை மீட்டர் மிச்சம், ஆம்புலன்ஸ் போய்விடும். எதிரெதிரே இரண்டு நின்றால் ஒன்றரை மீட்டர். ஆட்டோ நுழைவதே ஆச்சரியம். தீயணைப்பு வண்டிக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். மேட்டில் எல்லாரும் நின்று நிதானித்துப் போவதால் நெரிசலும் அங்கேதான் கட்டும். அதனால் தெருவின் மற்ற இடத்தில் எதிரெதிரே நிறுத்துவதைவிட மேட்டருகே நிறுத்துவது இரட்டைத் தொல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கு நான் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பட்டியல் உண்டு. 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளில் எங்கெல்லாம் வண்டி நிறுத்தக் கூடாது என்று போட்டிருந்தது: சந்திப்பு, வளைவு, மலையேற்றத்தின் உச்சி, நடைபாதை, சிக்னல், பாதசாரிகள் கடக்கும் இடம், பஸ் ஸ்டாப், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், நிறுத்தப்பட்ட இன்னொரு வண்டிக்கு எதிரே, போக்குவரத்துப் பலகையை மறைத்து. 2017-ல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. வண்டி நிறுத்துவதில் அடிப்படை மாறவில்லை. அந்தப் பழைய பட்டியலில் ஸ்பீடு பிரேக்கர் என்று ஒரு வரி கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் மேட்டை ஒட்டி நிற்கும் காரைப் பாருங்கள். எச்சரிக்கைப் பலகையை மறைக்கிறது, எதிரே நிற்கும் வண்டிக்கு நேராக நிற்கிறது, ஜனங்கள் கடக்கும் இடத்தை அடைக்கிறது. தனியாக ஒரு வரி எதற்கு?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-லும் இடம் இருக்கிறது. 122-ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ வண்டியை விட்டுப் போவதைத் தடுக்கிறது. 127-ஆம் பிரிவு இன்னும் சுவாரஸ்யம்: பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியை அப்புறப்படுத்தச் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். பத்து மணி நேரம்! துணி போர்த்திய எங்கள் துபாய் கார்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பாதித் தெரு காலியாகிவிடும். அப்படி யாரும் செய்யப் போவதில்லை. செய்யவும் வேண்டாம். இந்த மாதிரிச் சின்ன ஊரில் வண்டியைத் தூக்கிப் போகிற வண்டிக்கு எங்கே போவது? அபராதம் எழுதினால் அது யாரோ ஒருவரின் மச்சான் வண்டியாக இருக்கும். சட்டப் புத்தகத்தைக் காட்டித் தெருவில் ஒரு காரை நகர்த்தியதை நான் பார்த்ததில்லை.

மக்கள் தாங்களே எழுதிக்கொண்ட சட்டங்களும் உண்டு. கேட்டில் தொங்கும் தகரப் பலகை: ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்கள், மீறினால் காற்று பிடுங்கப்படும்.’ கீழே ஏதாவது ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். அந்தப் பலகை காப்பது அவரவர் வாசலை. மேட்டின் பக்கத்தில் யாருடைய வாசலும் இல்லாவிட்டால், அங்கே எல்லாரும் நிறுத்துவார்கள். மேடு போடும்போதே இரண்டு வீட்டு வாசலுக்கு நடுவில், சுவர் மட்டும் இருக்கும் இடமாகப் பார்த்துப் போடுகிறோம் அல்லவா, யார் வாசலிலும் வேண்டாம் என்று. அந்தச் சுவரோரம்தான் தெருவிலேயே ஆட்சேபணை இல்லாத பார்க்கிங்.

வேகத்தடைக்கு ஒரு நோபல் பரிசுக்காரர் சம்பந்தப்பட்ட கதை உண்டு என்பது என் மாணவர்களுக்குச் சொல்லப் பிடித்த விஷயம். 1927-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய ஆர்தர் காம்ப்டன், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்தபோது, வளாகத்துக்குள் கார்கள் பறப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் 1953-ல் மேடுகளை வடிவமைத்தார். பின்னர் இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்ற ஆய்வாளர் பல வடிவங்களை ஓட்டிப் பார்த்து, 1973-ல் 3.7 மீட்டர், 10 சென்டிமீட்டர் வளைவைச் சிபாரிசு செய்தார். நம் 1988 வழிகாட்டியில் இருப்பதும் அதே அளவு.

எனக்கு அதைவிடப் பிடித்தது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம். 1960-களின் கடைசியில் அங்கே சில குடியிருப்புத் தெருக்களை மாற்றி அமைத்தார்கள். நடைபாதை, வண்டிப்பாதை என்ற பிரிவை எடுத்துவிட்டு, மரமும் வளைவும் வைத்து, கார் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போகும்படி செய்தார்கள். 1976-ல் நாடு முழுக்க அதற்குச் சட்ட விதி வந்தது. அதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரு விதியை. அந்தத் தெருக்களில், நிறுத்தலாம் என்று குறியிட்ட இடத்தில் மட்டும்தான் நிறுத்தலாம். நம் ஊரில் கூடாது என்று எழுதாத இடமெல்லாம் பார்க்கிங். அங்கே கூடும் என்று எழுதாத இடமெல்லாம் தெரு.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் அண்மையில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 முதல், ஜனங்கள் கடக்கும் இடத்துக்கு 20 அடிக்குள், வண்டி நெருங்கி வரும் பக்கத்தில், யாரும் நிறுத்தக் கூடாது. கோடு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும். நியூ ஜெர்சியில் ஹோபோக்கன் என்று ஒரு ஊர். பரப்பளவு சுமார் ஒரு சதுர மைல், நெருக்கடியான தெருக்கள், பார்க்கிங்குக்கு அடிதடி. அங்கே தெருமுனைகளில் வண்டி நிறுத்துவதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பங்களும் செடித்தொட்டிகளும் சைக்கிள் ஸ்டாண்டுகளும் வைத்தார்கள். 2017-க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த ஊரில் சாலை விபத்தில் ஒருவரும் சாகவில்லை. அதற்கு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கும், வேக வரம்பையும் குறைத்தார்கள். ஆனால் எனக்குப் பாடம் அந்தத் தொட்டிகளில் இருக்கிறது. இடத்தைக் காலி செய்துவிட்டுச் சும்மா விடவில்லை.

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதை எனக்கு எடுத்துச் சொன்னவன் என் தங்கை மகன். பைக் பறக்கவிடும் கூட்டத்தில் அவனும் ஒருவன், ஆகவே விஷயம் தெரிந்தவன்.

“மாமா, காரை எல்லாம் எடுத்துட்டியன்னா, தெரு அகலமாத் தெரியும். அப்புறம் எவன் மெதுவாப் போவான்? இப்ப கார் நிக்கிறனாலதான் நாங்களே கொஞ்சம் பார்த்துப் போறோம்.”

அவன் சொன்னது உண்மை. ஓரத்தில் வண்டிகள் நிற்கும் தெருவில் வேகம் தானாகக் குறையும். அகலமும் நேரும் வெறிச்சோடலும் சேர்ந்தால் வேகம் கூடும். ஆகவே, குடியிருப்புத் தெருக்களில் பார்க்கிங்கையே ஒழிக்க வேண்டும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிறுத்திக்கொள்ளட்டும், ஒரு பக்கமாக, எதிரெதிரே வராமல். மேட்டுக்கு இரண்டு பக்கமும் மட்டும் இடம் வேண்டும். வண்டி நெருங்கி வரும் பக்கம் பத்து மீட்டர், அதாவது இரண்டு கார் தாராளமாக நிற்கும் இடம். ஏறி இறங்கிப் போகும் பக்கம் ஐந்து மீட்டர். இருவழித் தெருவில் அந்தந்த ஓரத்துக்கு அந்தந்தக் கணக்கு. இது எந்தப் புத்தகத்திலும் பார்த்து எழுதியதல்ல, மேலே சொன்ன ஒரு விநாடிக் கணக்கிலிருந்து நானே வைத்துக்கொண்டது. அந்தப் பதினைந்து மீட்டரையும் வெறுமையாக விடாமல், கார் நுழைய முடியாத, கண்ணை மறைக்காத எதையாவது வைக்க வேண்டும்.

எதை வைப்பது? இரும்புக் கம்பம் என்றார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரும்புக் கம்பம் எத்தனை வருஷம் நிற்கும்? உப்புக் காற்று அடிமூட்டில் அரித்துவிடும், ஒருநாள் யாராவது சாய்ந்தால் கையோடு வரும். போலீஸ் பேரிகார்டு நல்ல நாள் பெரிய நாளுக்கு வரும், போய்விடும். கடைசியில் கிணற்று உறைதான் என்று முடிவானது. அகலம் குறைந்த சிமெண்டு உறை, முழங்கால் உயரம். உள்ளே மணல், ஒரு பூவரசங்கொம்பு. பூவரசு இந்த மண்ணில் கொம்பை நட்டாலே துளிர்க்கும். உறைக்கு வெளியே வெள்ளை அடித்து, இரவில் மின்னும் ஸ்டிக்கர். உறைக்கும் வாறுகாலுக்கும் நடுவில் தள்ளுவண்டி போகிற அளவு இடைவெளி. இந்தக் கடைசி விஷயத்துக்காக ஒரு லாத்தா, அதாவது அக்கா, தன் வண்டியையே கொண்டுவந்து வைத்து அளந்து காட்டினார். தெருவில் நாமாக எதையும் வைக்கக் கூடாது, அது ஆக்கிரமிப்பு. ஆகவே தெருக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்து, அனுமதி வாங்கிய பிறகுதான் வைத்தோம்.

கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு. டீக்கடைக் காக்கா (அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“எங்கடைக்கு வாற ஆளுக வண்டிய எங்க விடுவாக? நீங்க சொல்றிய, நாளைக்கு யாவாரம் படுத்தா நீங்களா வந்து டீ குடிப்பிய?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் டூ வீலர். நிறுத்திய பைக் ஒரு பிள்ளையை முழுதாக மறைப்பதில்லை. கார் மறைக்கிறது, வேன் மறைக்கிறது, மீன்பெட்டி ஏற்றிய குட்டியானை என்கிற சின்ன லாரியைக் கேட்கவே வேண்டாம். ஆகவே மேட்டைத் தாண்டிய பக்கத்து ஐந்து மீட்டருக்கு அப்பால் பைக் நிறுத்தக் கோடு போட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. எல்லா வண்டியையும் ஒரே மாதிரி விரட்டாமல், கண்ணை மறைக்கும் வண்டியை மட்டும் தள்ளி நிற்கச் சொல்லலாம் என்பதை அவர்தான் எங்களுக்கு யோசிக்க வைத்தார்.

துபாய்க் காரின் சொந்தக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசினோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. “உம்மாட்ட சாவி இருக்கு, எடுத்துத் தள்ளி விட்டுக்கங்க” என்றார். சாவி இருந்தது, பேட்டரியில் உயிர் இல்லை. தெருப் பயல்கள் தள்ளிக்கொண்டு போய் அவருடைய மாமனார் வீட்டுக் காலிமனையில் விட்டார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் கடைசிவரை முறைப்பாகவே இருந்தார்கள். “எங்க வீட்டு முன்னாடி எங்க இடம்” என்பது அவர்கள் வாதம். வீட்டுக்கு முன்னால் இருப்பது தெரு, அது பத்திரத்தில் எல்லையாக எழுதப்பட்டிருக்குமே தவிர சொத்தாக அல்ல. இதை நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், கிளைகளில் ஒன்று என்ற நபிமொழியை ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில், தொழுகைக்கு முந்திய சொற்பொழிவில், ஆலிம்ஷா பேசினார். யாரையும் பெயர் சொல்லவில்லை. ஒருவர் அடுத்த நாளே காரை நகர்த்திவிட்டார். மற்றவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. கையெழுத்து மட்டும் மகன் போட்டுக் கொடுத்தான்.

உறை வைத்த பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பூவரசங்கொம்பில் பாதியை ஆடு மேய்ந்துவிட்டது. கம்பி வலை சுற்றிய பிறகு மிச்சம் பிழைத்தது. தள்ளுவண்டிகள் ஓரமாகப் போகின்றன. என் மாணவர்கள் இன்னும் மேட்டில் கண்ணைத் தாழ்த்துகிறார்கள், அதை மாற்ற முடியாது. ஆனால் தாழ்த்தும் முன் பார்க்க அவர்களுக்கு இப்போது இடம் இருக்கிறது. மேட்டுக்கு முன்பே பிள்ளை நிற்பது தெரிகிறது. அந்த இடத்தில் என் கால் பிரேக்கின் மேல் சும்மா இருக்கிறது. பைக் பயல்கள் ஓரத்தில் புகுந்து போவது நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். தள்ளுவண்டிக்கு விட்ட இடைவெளியில் அவர்களும் புகுகிறார்கள், உறை இருப்பதால் மெதுவாகப் புகுகிறார்கள்.

சோதனை வந்தது ஏப்ரலில். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கரையில் நின்றால் மீன் ஏற்றும் வண்டிகளுக்கும் வேலை குறைந்துவிடும். பாம்பன், மண்டபம் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குட்டியானைகள் அந்தந்த டிரைவரின் தெருவுக்கு வந்து நின்றுவிடும். அதே மாதங்களில் பள்ளிக்கூட லீவு, கல்யாணங்கள். ஜூலை, ஆகஸ்டில் வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள், வாடகைக் கார் எடுப்பார்கள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் வேன் நிற்காத தெரு இருக்காது. அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் அன்றைக்குத் தங்கள் வீட்டுக்குள் போவதற்கே வண்டிகளின் நடுவே பக்கவாட்டில் நடக்க வேண்டும் என்பார்கள். வருஷம் முழுக்க ஒரே அளவு பார்க்கிங் இருப்பதாக நினைத்துத் திட்டம் போடும் ஊர்கள் இந்தக் கடற்கரையில் தோற்றுப்போகும். எங்கள் தெருவில் தடைக்காலத்துக்கு மட்டும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் குட்டியானைகளை விடுவது என்று டிரைவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். சுத்திகரித்து வைத்த மீன்பெட்டி என்றாலும் வெயிலில் நாற்றம் அடிக்கும், வீட்டுப் பெண்களே அவர்களை அங்கே விரட்டிவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

தீராமல் இருப்பது மண்டபத் தெரு. கல்யாண மண்டபத்தின் வாசலுக்கு நேரே மேடு. அங்கே அந்த மேடு வந்ததே மண்டபத்துக்கு வரும் கார்கள் சீறிப் பாய்வதால்தான். விசேஷ நாளில் மேட்டின் இரண்டு பக்கமும், மேட்டின் மேலேயும் கூட, கார். ஒரு சக்கரம் மேட்டில் ஏறி, காரே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். உறை வைத்தால் சமையல் லாரி உள்ளே போக முடியாது என்கிறார்கள். அது சரிதான், அங்கே நிரந்தரமாக எதையும் வைக்க முடியாது, விசேஷ நாளில் கயிறு கட்டி ஒரு ஆளை நிறுத்துவதுதான் வழி. மண்டபத்துக்குப் பின்னால் கருவேலம் அடர்ந்த ஒரு இடம் சும்மா கிடக்கிறது. அதை வெட்டிச் சுத்தம் செய்தால் முப்பது கார் நிற்கும். மண்டபக்காரரிடம் பேசியிருக்கிறேன். வாடகையோடு பார்க்கிங் காசையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஆசையும் காட்டியிருக்கிறேன்.

“சீசன் முடியட்டும் தம்பி, பேசுவோம்” என்றார். அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் புக் ஆகிவிட்டது. கயிறு பிடிக்கும் ஆளாக என் தங்கை மகனைத்தான் நினைத்து வைத்திருக்கிறேன். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.